எழுமாற்றுப் புள்ளியும் ஒரு சைக்கிளும்: வாசகர் கேள்வி – பதில்

வரைபடத்தில் எழுமாற்றாக ஓர் ஆள்கூற்றை (ஓர் இடத்தின் அகலக்கோடு, நெடுங்கோடு எண்களை) எடுத்து, அந்த இடத்துக்குச் சைக்கிளில் போய்த் திரும்புவது பற்றித் திருகோணமலை வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே விடயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

புள்ளியை எடுக்கச் செயலி ஏதாவது வேண்டுமா? என் கைபேசியில் இடமே இல்லை. – வாசகர், உப்புவெளி

வேண்டாம். பையில் கிடக்கும் நாலைந்து காசுத்தாள் போதும்.

முதலில் வரைபடத்தில் புள்ளி விழக்கூடிய பெட்டியைத் தீர்மானியுங்கள். நகரிலிருந்து புறப்படுபவருக்கு அகலக்கோடு 8.500 முதல் 8.700 வரை, நெடுங்கோடு 81.050 முதல் 81.250 வரை நல்ல தொடக்கம். நம் பக்கத்தில் அகலக்கோட்டில் ஒரு பாகை ஏறத்தாழ 110.6 கி.மீ., நெடுங்கோட்டில் ஏறத்தாழ 110 கி.மீ. ஆகவே இது 22 கி.மீ. சதுரம். நிலாவெளி, கன்னியா, சீனன்குடா, தம்பலகாமம் எல்லாம் அதற்குள் அடங்கும்.

இனி ஒரு தாளின் தொடரிலக்கத்தில் கடைசி மூன்று இலக்கத்தை எடுத்து 200ஆல் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 734 என்றால் மீதி 134; பெட்டியின் தொடக்கமான 8.500உடன் 0.134ஐக் கூட்டினால் அகலக்கோடு 8.634. அடுத்த தாளில் 312 என்றால் மீதி 112, நெடுங்கோடு 81.162. புள்ளி கன்னியாவுக்கு வடக்கே சில கிலோமீற்றரில் விழுகிறது. வங்கியிலிருந்து வந்த புதுக்கட்டுத் தாள்கள் உதவாது, இலக்கங்கள் வரிசையாக இருக்கும். கடைக்காரரிடம் மாறி வந்த பழைய தாள்களே நல்லது.

200ஐச் சும்மா சொல்லவில்லை. 1000ஐ 200 மீதியில்லாமல் வகுக்கும். அதனால் எல்லா மீதிக்கும் சம வாய்ப்பு. பெட்டியை 300 ஆக்கினால் 0 முதல் 99 வரையான மீதிகள் நான்கு வழியில் வரும், மற்றவை மூன்று வழியில்தான். தெரியாமலே பெட்டியின் ஓர் ஓரத்துக்கு அடிக்கடி போய்க்கொண்டிருப்பீர்கள். 300 அகலந்தான் வேண்டுமென்றால் 900க்கும் அதற்கு மேலும் வரும் எண்களைக் கழித்துவிட்டு வேறு தாள் எடுங்கள்.

புள்ளி கடலில் விழுந்தால் இரண்டு எண்ணையும் புதிதாக எடுக்க வேண்டும். பலர் நெடுங்கோட்டை மட்டும் மாற்றுகிறார்கள். அப்படிச் செய்தால் துறைமுகமும் குடாவும் உள்ளே வந்து நிலம் ஒடுங்கிய வரிசைகளில் புள்ளிகள் நெருக்கியடிக்கும்.

நான் வீட்டை மையமாக வைத்து, 0 முதல் 359 வரை ஒரு கோணமும் 0 முதல் 20 கி.மீ. வரை ஒரு தூரமும் எழுமாற்றாக எடுக்கிறேன். புள்ளிகள் பெரும்பாலும் வீட்டுக்குக் கிட்டவே விழுகின்றன. ஏன்? – மாணவி, கிண்ணியா

கணக்கு அப்படித்தான் செய்யும். உங்கள் முறையில் பாதிப் புள்ளிகள் 10 கி.மீ.க்குள் விழும். ஆனால் 10 கி.மீ. வட்டத்தின் பரப்பு 20 கி.மீ. வட்டத்தில் காற்பங்குதான். பாதிப் புள்ளிகளைக் காற்பங்கு நிலத்தில் கொட்டுகிறீர்கள்.

மூன்றிலக்க எண்ணை 1000ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 20ஆல் பெருக்குங்கள். 250 வந்தால் 10 கி.மீ., 490 வந்தால் 14 கி.மீ., 810 வந்தால் 18 கி.மீ. கோணத்தை வடக்கிலிருந்து வலஞ்சுழியாக எண்ணி, தூரத்தைக் கோசைனால் பெருக்கி 110.6ஆல் வகுத்தால் அகலக்கோட்டில் கூட்ட வேண்டியது வரும். சைனால் பெருக்கி 110ஆல் வகுத்தால் நெடுங்கோட்டுக்கு உரியது. 14 கி.மீ., 300 பாகை என்றால் அகலக்கோட்டில் 0.063 கூட்டி, நெடுங்கோட்டில் 0.110 கழிக்க வேண்டும். கல்குலேட்டர் பாகையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரேடியனில் கிடந்தால் வருகிற புள்ளி எந்தத் திசையிலும் இருக்கலாம்.

8.57 என்று எழுதிய புள்ளியை நண்பர் புல்மோட்டைப் பக்கம் தேடிப் போய்விட்டார். யார் பிழை? – வாசகர், தம்பலகாமம்

எழுதும் முறையின் பிழை. 8.57 பாகை என்பது 8 பாகை 34 கலை 12 விகலை (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை). அவர் அதை 8 பாகை 57 கலை என்று வாசித்திருக்கிறார். அது தசமத்தில் 8.95, 42 கி.மீ. வடக்கே. ஒருவருக்கொருவர் அனுப்பும்போது தசமத்தில் மட்டும் எழுதுங்கள், குறைந்தது மூன்று தசம தானத்துடன். 8.570 என்று பார்த்தால் யாரும் கலை என்று நினைக்க மாட்டார்கள்.

அகலக்கோடு முதலில், நெடுங்கோடு பிறகு. மாற்றி அடித்தால் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு வடமேற்கே ஆர்க்டிக் கடலில் நிற்பீர்கள். அந்தப் பிழையாவது உடனே கண்ணில் படும்.

இடத்துக்குக் கிட்டப் போனதும் அம்புக்குறி சுற்றிச் சுற்றி வருகிறது. 4 மீற்றர், 11 மீற்றர், 6 மீற்றர் என்று மாறிக்கொண்டே இருக்கிறது. – வாசகர், நிலாவெளி

திறந்த வானத்தின் கீழ்க் கைபேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீற்றர் துல்லியம் தரும். மரத்தடியில் அது பல மடங்கு மோசமாகும். வரைபடத்தில் உங்களைச் சுற்றித் தெரியும் நீல வட்டத்துக்குள் நீங்கள் நிச்சயம் இருப்பதாக அர்த்தமில்லை. ஆண்ட்ராய்ட் கைபேசிகளில் அது 68 சதவீத வாய்ப்பைத்தான் காட்டுகிறது. ஆகவே பூச்சியம் வரும்வரை புதரைச் சுற்றி நடனமாடுவதில் பயனில்லை. புறப்படும் முன்பே "20 மீற்றருக்குள் வந்தால் வந்ததாகக் கணக்கு" என்று எழுதி வையுங்கள்.

நின்றால் அம்பு தவறுவதற்குக் காரணம் வேறு. ஓடும்போது திசையை ஜிபிஎஸ் சொல்கிறது. நின்றதும் கைபேசிக்குள் இருக்கும் காந்த உணரி சொல்கிறது. சைக்கிள் ஹேண்டிலின் இரும்பும் காந்தம் வைத்த கைபேசிப் பிடியும் அதைக் குழப்பும். கழற்றிக் கையில் எடுத்து பத்து அடி நடந்து பாருங்கள்.

சிக்னல் இல்லாத இடத்திலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். ஆனால் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். முதல் தடவை இடம் பிடிக்கவும் நேரம் எடுக்கும். வாசலில் நின்று இடம் பிடித்த பின் புறப்படுங்கள்.

புள்ளி வழியில்லாத இடத்தில் விழுந்தால் கிட்டிய வீதிக்கு நகர்த்திக்கொள்கிறோம். சரிதானே? – இரு நண்பர்கள், மூதூர்

வசதி, ஆனால் விளையாட்டு கெட்டுவிடும். ஒரு பெரிய காட்டின் ஓரத்தில் ஓடும் வீதி, அந்தக் காட்டில் விழும் எல்லாப் புள்ளிகளையும் தன் தலையில் வாங்கிக்கொள்ளும். ஊருக்குள்ளே ஒழுங்கை நெருக்கமாக இருப்பதால் ஒவ்வொரு ஒழுங்கைக்கும் கொஞ்சம்தான் கிடைக்கும். சில மாதத்தில் அதே காட்டோர வீதியில்தான் மிதித்துக்கொண்டிருப்பீர்கள்.

இதைவிட "பொதுவழியிலிருந்து 200 மீற்றருக்குள் இருந்தால் போவது, இல்லாவிட்டால் கழித்துப் புதிதாக எடுப்பது" என்ற விதி நேர்மையானது. எண் வந்த பிறகு விதியை மாற்றக்கூடாது. எங்கள் கண்டிப்பு இது ஒன்றில்தான். பிடிக்காத புள்ளியை விட்டுவிட்டுப் பிடித்ததை எடுப்பதென்றால் காசுத்தாள் எதற்கு, நேரே மாபிள் பீச்சுக்குப் போகலாமே.

மூதூர்க்காரர் நேர்த்தூரத்தை நம்பியும் புறப்படக்கூடாது. நகருக்கும் மூதூருக்கும் இடையில் அகலக்கோட்டில் 0.12, நெடுங்கோட்டில் 0.04 வித்தியாசம்: 13.3 கி.மீ.யும் 4.4 கி.மீ.யும். வர்க்கித்துக் கூட்டி மூலம் எடுத்தால் 14 கி.மீ. கொட்டியாரக் குடாவைச் சுற்றிக் கிண்ணியா வழியாக மிதிக்கும்போது அது இரண்டு மடங்கை எட்டிவிடும்.

போகவே கூடாத புள்ளிகள் எவை? – வாசகி, பன்குளம்

கடற்படை, விமானப்படை, இராணுவ வளாகங்கள். வேலிக்கு வெளியே நின்று படம் எடுப்பதும் வேண்டாம். கையில் வரைபடம், ஆள்கூறு எழுதிய தாள், கைபேசி மூன்றும் இருந்தால் விளக்கம் சொல்லியே பகல் போய்விடும்.

சிவப்பு நிறத்தில் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை தெரிந்தால், வந்த தடத்திலேயே திரும்புங்கள். பலகை இல்லாத இடத்திலும் ஆட்கள் நடந்து தேய்ந்த பாதையை விட்டு இறங்க வேண்டாம். மழைக்குப் பிறகு மண் அரித்து வெளியே தெரியும் இரும்புத் துண்டைக் காலால்கூடத் தட்டக்கூடாது. புள்ளி 30 மீற்றரில் இருந்தாலும் இதுதான் விதி.

உங்கள் பக்கத்தில் யானை. அநுராதபுர வீதியிலோ கந்தளாய்க்கு அப்பால் ஹபறணைப் பக்கமோ என்றால், பிற்பகல் 4 மணிக்குப் பிறகு காட்டோரத்தில் இருக்காதபடி கணக்குப் போடுங்கள். விடியுமுன் நுழையவும் வேண்டாம். யானை வீதியில் நின்றால் குறைந்தது 100 மீற்றர் தள்ளி நில்லுங்கள். மணி அடிப்பது, கூச்சலிடுவது, பக்கத்தால் நைசாகக் கடப்பது எல்லாம் ஆபத்து. மணல் தடத்தில் சைக்கிள் யானையிடம் தப்பாது. லொறியோ பஸ்ஸோ வந்தால் அதன் பின்னால் போகலாம். மின்வேலிக் கம்பியைத் தடியால் தூக்கி அதன் கீழே சைக்கிளைத் தள்ளுவதையும் சிலர் செய்கிறார்கள். இரும்புச் சட்டகம் கம்பியில் பட்டால் அடி கையில்.

ஒட்டுப் போட்ட ரியூப் வழியிலேயே மறுபடி இறங்குகிறது. என்ன தவறு செய்கிறேன்? – வாசகர், கந்தளாய்

பெரும்பாலும் முள் இன்னும் ரயரிலேயே இருக்கிறது. நம் வரண்ட நிலத்தில் முதல் எதிரி நெருஞ்சி. அதன் காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள் மேலே பார்த்து நிற்கும். வெளியே தெரிகிற காயைப் பிடுங்கினால் நுனி உள்ளே ஒடிந்து நிற்கும், விரலுக்குத் தட்டுப்படாது. ஒரு பழந்துணியை ரயரின் உட்புறம் சுற்றி இழுத்துக்கொண்டு போங்கள். நூல் எங்கே சிக்குகிறதோ அங்கே முள்.

சில்லைக் கழற்றத் தேவையில்லை. செயின் கவர் போட்ட பெரிய சைக்கிளில் பின்சில்லைக் கழற்றுவது தனி வேலை. ஓட்டை தெரிந்த பக்கத்தில் மட்டும் ரயரை இரண்டு லீவரால் கிளப்பி, ரியூப்பை வெளியே இழுத்து, தண்ணீரில் அமுக்கிக் குமிழ் பாருங்கள். துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். சாண்ட் பேப்பரால் ஒட்டுத் துண்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக உரஞ்சி, பளபளப்புப் போன பின் சொலூசனை மெல்லிய படையாகப் பூசுங்கள். இங்கேதான் அவசரம் கெடுக்கிறது. ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்தால் அடியில் கரைப்பான் அடைபட்டு, வெயிலில் ரியூப் சூடேறியதும் ஒட்டு வழுக்கி விலகும். ஐந்து நிமிடம் விடுங்கள். விரலில் ஒட்டாத பதம் வந்ததும் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். ரயரைத் திரும்பப் போடும்போது கடைசித் துண்டைக் கையால் தள்ளுங்கள். லீவரை விட்டால் அது ரியூப்பைக் கிள்ளி இரண்டு புதிய ஓட்டை போடும்.

ஓட்டையே இல்லாமல் காற்று இறங்கினால் வால்கட்டையை (காற்றடிக்கும் வால்வை) பாருங்கள். அதன் மேல் மாட்டியிருக்கும் சின்ன இறப்பர்க் குழாய் வெயிலில் வெடித்திருக்கும். எச்சில் தொட்டு வைத்தால் குமிழ் வரும். ஒரு சாண் இறப்பர்க் குழாய் பையில் இருந்தால் பல தடவைக்குக் காணும்.

மணலுக்குக் காற்றைக் குறைப்பது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். 26 அங்குல, ஏறத்தாழ 2 அங்குல அகல ரயருக்குத் தார் வீதியில் 40 பிஎஸ்ஐ, மணலில் 25 முதல் 30. அதற்குக் கீழே போனால் கல்லில் ரிம் மோதி ரியூப் வெட்டுப்படும். பழைய ஒடுங்கிய 28 அங்குல ரயரில் குறைத்துப் பயனில்லை; இறங்கித் தள்ளுங்கள்.

வயற்காரர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். – வாசகர், வெருகல்

பார்க்கத்தான் செய்வார்கள். நம் மாவட்டத்தில் கையில் கருவியோடு வந்து காணியைச் சுற்றிப் பார்க்கும் அந்நியர் யாரென்றால் அளவைக்காரர், அல்லது அளவைக்காரரை அனுப்பப்போகிறவர். அதனால் ஒளிந்து போகாதீர்கள். சைக்கிளை வீதியிலேயே நிறுத்தி, ஆள் இருந்தால் முதலில் அவரிடம் போய், "ஐயா, இது ஒரு விளையாட்டு. இந்த இலக்கம் காட்டுற இடத்தைப் பார்த்திட்டுப் போயிடுவம்" என்று கைபேசியைக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். விதைத்த வயலில் வரம்பு மேல் மட்டும் நடக்கலாம், சைக்கிள் ஏற்றக்கூடாது. வரம்பு உடைந்தால் அடுத்த வயல்காரரின் தண்ணீரும் போகும்.

வெளிநாட்டில் இப்படி ஏதாவது உண்டா? – வாசகர், உவர்மலை

இரண்டு. 1996இல் தொடங்கிய டிகிரி கன்ஃபுளுவன்ஸ் திட்டத்தில் அகலக்கோடும் நெடுங்கோடும் முழு எண்ணாகச் சந்திக்கும் இடங்களுக்குப் போய்ப் படம் எடுக்கிறார்கள். 8 வடக்கு, 81 கிழக்கு பொலன்னறுவைக்குச் சற்று வடக்கே. இங்கே எழுமாற்று எதுவும் இல்லை, ஒருமுறை போனால் முடிந்தது.

மற்றது 2008இல் ஓர் இணையக் கேலிச்சித்திரத்திலிருந்து பிறந்த ஜியோஹாஷிங். அன்றைய திகதியையும் நியூயோர்க் டவ் ஜோன்ஸ் பங்குச் சுட்டெண்ணின் தொடக்க மதிப்பையும் எம்டி5 என்ற கணிப்புக்குள் போட்டு, ஒவ்வொரு ஒரு பாகைப் பெட்டிக்கும் நாளுக்கு ஒரு புள்ளி எடுக்கிறார்கள். நம் நாட்டுக்கு முந்தைய நாளின் தொடக்க மதிப்பே கணக்கு. வார இறுதியில் பங்குச்சந்தை பூட்டு என்பதால், வெள்ளி இரவு நம் நேரம் 7 மணிக்கு (அங்கே குளிர்காலமென்றால் 8 மணிக்கு) சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாள் புள்ளியும் தெரிந்துவிடும். குறை என்னவென்றால் 8 – 81 பெட்டியில் பாதிக்கு மேல் கடல். மீனவருக்குப் பொருத்தமான விளையாட்டு.

எந்த மாதம், எந்த நேரம்? – பலர்

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை இலகு. மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்; மேற்கே உள்ள புள்ளிக்கு விடிந்ததும் எதிர்காற்றில் போய்விட்டால் திரும்பும்போது காற்றுத் தள்ளிக்கொண்டு வரும். மணிக்கு முக்கால் லீற்றர் தண்ணீர், கொஞ்சம் உப்பு. ஒக்டோபர் கடைசி முதல் ஜனவரி வரை மழை. மண் பாதைகளை விட்டுவிடுங்கள்.

கடற்கரை ஈரமணலில் ஓடலாமா? – வாசகர், குச்சவெளி

ஓடலாம், சுகமாகவும் இருக்கும். அன்று மாலையே நல்ல தண்ணீரால் கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் இரண்டு நாளில் கறள். ஹோஸ் பைப்பை நேரே ஹப்பிலும் பெடல் அச்சிலும் பிடிக்காதீர்கள். கிறீஸ் கழன்று உப்புத்தண்ணீர் உள்ளே போகும். வாளியும் துணியும் போதும்.