டிப்ளாய்க்குப் பிறகு வரும் மந்தத்தைத் தானாகப் பிடிப்பது எப்படி?

கேள்வி: தினமும் நாலைந்து முறை டிப்ளாய் செய்கிறோம், அதாவது புது வெர்ஷனை சர்வரில் ஏற்றுகிறோம். சராசரி ரெஸ்பான்ஸ் நேரம் முந்தைய மணி நேரத்தைவிட 20% கூடினால் அலர்ட் வரும்படி வைத்திருக்கிறோம். ஒன்றுமே இல்லாதபோது அலறுகிறது; நிஜமாகவே மந்தமானால் வாய் திறப்பதில்லை. எப்படிச் சரிசெய்வது?

பதில்: முதல் கோளாறு சராசரியில். 100 மில்லிசெகண்டில் முடிந்த ரிக்வெஸ்ட்டுகளில் 2% மட்டும் புதுக் கோடால் 800 ஆகிவிட்டது என்று வையுங்கள். சராசரி 114 தான். உங்கள் எல்லையைத் தொடவே தொடாது. 99-ஆவது பெர்சன்டைலோ (100-இல் 99 ரிக்வெஸ்ட் முடிந்துவிடும் நேரம்) 800-க்குத் தாவியிருக்கும். எனவே 50, 95, 99 மூன்றையும் எண்ட்பாயிண்ட் (ரிக்வெஸ்ட் போய்ச் சேரும் முகவரி) வாரியாகப் பாருங்கள். சர்வர்களின் பெர்சன்டைல்களைக் கூட்டி சராசரி எடுக்காதீர்கள், அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. ஹிஸ்டோகிராம் பக்கெட்டுகளை (எந்த நேர அளவுக்குள் எத்தனை ரிக்வெஸ்ட் என்ற எண்ணிக்கைகளை) கூட்டி அதிலிருந்து கணக்கிடுங்கள்.

அடுத்தது, ஒரு மணி நேரத்தை இன்னொரு மணி நேரத்தோடு ஒப்பிடுவது. 10 மணிக்கு வரும் டிராஃபிக்கும் 9 மணிக்கு வந்ததும் ஒன்றல்ல. வீண் அலர்ட்டுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே வரும். பழைய வெர்ஷனையும் புதியதையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள்: 5% டிராஃபிக் கேனரிக்கு (சோதனைக்காகச் சிறு பங்கு டிராஃபிக் மட்டும் பெறும் புது வெர்ஷன்), இன்னொரு 5% பழைய வெர்ஷனுக்கு. ஆனால் அந்தப் பழைய வெர்ஷனும் அப்போதுதான் ஸ்டார்ட் ஆன இன்ஸ்டன்ஸாக இருக்க வேண்டும். நாள்கணக்கில் ஓடிக்கொண்டிருப்பதில் கேஷ் நிரம்பி, ஓடும்போதே கோடை வேகப்படுத்தும் ஜேஐடி கம்பைலர் சூடாகியிருக்கும்; அதனோடு ஒப்பிட்டால் எந்தப் புது வெர்ஷனும் மந்தமாகத்தான் தெரியும். இரு பக்கமும் முதல் சில நிமிட அளவீடுகளை விட்டுவிடுங்கள். கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் 2018-இல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட கயென்டா என்ற கேனரி ஒப்பீட்டுக் கருவி, இரு பக்க அளவீடுகளையும் மான்-விட்னி என்ற புள்ளியியல் சோதனையால் ஒப்பிடுகிறது. நீங்களே எழுதினாலும் அதே சோதனை போதும். லேட்டன்சி (ரெஸ்பான்ஸ் நேரம்) மணி வடிவப் பரவலில் வராது என்பதால், சராசரிகளை ஒப்பிடும் டி-டெஸ்ட் வேண்டாம்.

புள்ளியியல் சோதனையை மட்டும் நம்பினால் வேறு தலைவலி. 200 எண்ட்பாயிண்ட்டை, தற்செயலால் 5% தவறு வரலாம் என்று ஏற்கும் அளவில் சோதித்தால், எதுவுமே மாறாதபோதும் சுமார் 10 வீண் அலர்ட் வரும். வித்தியாசம் தற்செயலாக இருக்கக்கூடாது, 10% போல ஒரு குறைந்தபட்ச அளவையும் தாண்ட வேண்டும், அடுத்தடுத்து மூன்று நேரச் சாளரங்களில் நீடிக்க வேண்டும்: மூன்றும் சேர்ந்தால் மட்டும் ரோல்பேக் (பழைய வெர்ஷனுக்குத் திரும்புவது). சாம்பிளையும் கவனியுங்கள். 500 ரிக்வெஸ்ட் மட்டும் வரும் எண்ட்பாயிண்ட்டில் 99-ஆவது பெர்சன்டைலுக்கு மேலே இருப்பது ஐந்தே ஐந்து. அங்கே 95-க்கு மேல் போகாதீர்கள். எர்ரர் ரெஸ்பான்ஸ்களைத் தனியே பிரித்துவிடுங்கள். உடனே விழும் HTTP 500 வகை (சர்வர் கோளாறு) எர்ரர்கள் லேட்டன்சியைக் குறைத்துக் காட்டி, உடைந்த பில்டுக்கு நல்ல பெயர் வாங்கித் தரும்.

லேட்டன்சியைவிட நம்பகமான ஓர் அளவு உண்டு. ஏனோ பலரும் அதை வைப்பதில்லை. ஒரு ரிக்வெஸ்ட்டுக்கு எத்தனை டேட்டாபேஸ் குவெரி, எவ்வளவு சிபியூ நேரம் என்பதுதான் அது. 50 வரிசை காட்டும் பக்கத்தில் வரிசைக்கு ஒன்று வீதம் கூடி 1 குவெரி 51 ஆனாலும், லோடு குறைவாக இருக்கும்போது நேரம் சில மில்லிசெகண்டே கூடும். குவெரி எண்ணிக்கையில் அது முதல் நிமிடத்திலேயே பளிச்சென்று தெரியும்.

விடுவிக்கப்படாத மெமரி மெல்லச் சேரும் மெமரி லீக் கேனரியின் அரை மணி நேரத்தில் சிக்காது. டிப்ளாய் நேரத்தையும் கமிட் ஹாஷையும் (எந்தக் கோடு மாற்றம் என்ற அடையாளம்) மெட்ரிக்கோடு பதிவு செய்து, பயன்படாத மெமரியை விடுவிக்கும் ஒவ்வொரு கார்பேஜ் கலெக்‌ஷனுக்குப் பிறகும் மிஞ்சும் ஹீப் (புரோகிராம் பிடித்திருக்கும் மெமரி) அளவை 24 மணி நேரம் கவனிக்க ஒரு விதி தனியாக வேண்டும்.

தானியங்கி ரோல்பேக்கை இயக்குமுன், இரு பக்கமும் ஒரே பில்டை வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். அப்போது வரும் ஒவ்வொரு அலர்ட்டும் பொய். அது ஏறக்குறைய நிற்கும்வரை எல்லைகளை உயர்த்துங்கள். பிறகு ஒரு எண்ட்பாயிண்ட்டில் வேண்டுமென்றே 50 மில்லிசெகண்ட் தாமதத்தைச் சேர்த்து, பிடிபடுகிறதா என்று பாருங்கள்.