பெண்கள் கடத்தலைத் தடுப்பதிலும், மீண்டு வந்தவர்களுக்குத் துணை நிற்பதிலும் எந்த நாடாவது உருப்படியாக ஏதாவது செய்திருக்கிறதா?

நேபாளம் என்பேன். முழு மனதோடு சொல்லவில்லை, பாதி மனதோடுதான். ஏன் பாதி என்பதையும் சொல்கிறேன்.

2018 அக்டோபரில் அம்மாவையும் இரண்டு சித்திகளையும் அழைத்துக்கொண்டு நேபாளத்திலுள்ள முக்திநாத் கோயிலுக்குப் போனேன். நூற்றெட்டு திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் அம்மாவுக்கு வெகுநாள் ஆசை. கோரக்பூரில் ரயிலைவிட்டு இறங்கி, வேன் பிடித்து, சுனௌலி என்ற இந்திய-நேபாள எல்லை ஊருக்கு வந்தோம். இந்திய வண்டி உள்ளே போக 'பன்சார்' என்று ஒரு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். டிரைவர் அதற்காகப் போனவர் ஒரு மணி நேரம் வரவில்லை. நாங்கள் எல்லையின் நுழைவு வளைவைத் தாண்டி நேபாளப் பக்கம் ஒரு டீக்கடை நிழலில் உட்கார்ந்திருந்தோம்.

எதிரே இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒரே மாதிரிப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை. இந்தியப் பக்கம் போகிற சைக்கிள் ரிக்‌ஷாக்களை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தார்கள். நூறு ரிக்‌ஷா போனால் ஒன்றை நிறுத்துவார்கள். அப்படி நிறுத்திய ஒன்றில் பதினாறு, பதினேழு வயதுப் பெண் ஒருத்தி. பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு ஆள். ஒருவர் அந்தப் பெண்ணைத் தள்ளி அழைத்துப் போய்ப் பேசினார், இன்னொருவர் அந்த ஆளிடம் பேசினார். எங்கே போகிறீர்கள், யார் வீட்டுக்கு, இவர் உனக்கு என்ன முறை என்று இரண்டு பேரிடமும் ஒரே கேள்விகள்தானாம். பதில்கள் பொருந்தவில்லை போலிருக்கிறது. அந்த ஆள் சத்தம் போட்டான். போலீஸ்காரர் வருவதைப் பார்த்ததும் கூட்டத்தில் நழுவிவிட்டான். அந்தப் பெண் தரையில் குந்தி அழ ஆரம்பித்தாள். புடவைக்காரப் பெண் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார். தொடவில்லை, சமாதானம் சொல்லவில்லை, அவள் அழுது முடிக்கும்வரை சும்மா உட்கார்ந்திருந்தார்.

சீட்டோடு திரும்பிய டிரைவர்தான் சொன்னார்: "இவங்க மைத்தி நேபாள்ங்கற தொண்டு நிறுவனத்து ஆளுங்க. இப்படி நிக்கிறவங்கள்ல பல பேர் தாங்களே பம்பாய்க்கு விக்கப்பட்டு மீண்டு வந்தவங்க." சின்னச் சித்தப்பாவுக்கு ஜான்சியில் ரயில்வே வேலை, அதனால் சித்திக்கு ஹிந்தி நன்றாக வரும். அவர்தான் கேட்டுச் சொன்னார், மைத்தி என்றால் கல்யாணமான பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று. அம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "பொறந்த வீடுன்னே பேரு வெச்சிருக்காங்க பாரு" என்றார்.

ஊருக்கு வந்த பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். இன்றும் விடவில்லை.

இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் நடுவே 1,750 கிலோமீட்டர் எல்லை. 1950 ஒப்பந்தத்தின் பலனாக இரு நாட்டு மக்களும் பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாமல் போய் வரலாம். கோடிக்கணக்கான ஏழைகளுக்கு அது பெரிய வரம். பெண்களை விற்கும் தரகருக்கும் அதே கதவுதான். சிந்துபால்சோக், நுவாகோட், மக்வான்பூர் போன்ற மலை மாவட்டங்களிலிருந்து, அதிலும் தமாங் இனப் பெண்கள், பல பத்தாண்டுகளாக மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் விற்கப்பட்டார்கள். நேபாளி மொழியில் இதற்கு 'சேலிபேட்டி பேச்பிகன்' என்று பெயர். வீட்டுப் பெண்பிள்ளைகளை விற்பது என்று பொருள். விற்றவர் பெரும்பாலும் தெரிந்தவர்தான்: மாமா முறை, பக்கத்து வீட்டுக்காரர், ஊருக்கு வந்து அவசரமாகத் தாலி கட்டியவன்.

1996 பிப்ரவரியில் மும்பையில் பாலியல் தொழில் நடக்கும் காமாத்திபுரா பகுதியில் பெரிய சோதனை நடந்து, கிட்டத்தட்ட ஐந்நூறு பெண்கள் மீட்கப்பட்டார்கள். அதில் இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் நேபாளிகள். நேபாள அரசு அவர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளத் தயங்கியது. எச்.ஐ.வி. வந்துவிடும், ஊர் கெட்டுவிடும் என்றெல்லாம் பேச்சு. மாதக்கணக்கில் அந்தப் பெண்கள் மும்பைக் காப்பகங்களில் அடைந்து கிடந்தார்கள். கடைசியில் சில தொண்டு நிறுவனங்கள் சேர்ந்துதான் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் காத்மாண்டுவுக்குக் கூட்டி வந்தன. 1993-இல் அனுராதா கொய்ராலா தொடங்கிய மைத்தி நேபாளும் அவற்றில் ஒன்று.

அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் சாரிமாயா தமாங். 16 வயதில் கடத்தப்பட்டு 22 மாதம் அந்த நரகத்தில் இருந்தவர். ஊர் முகம் சுளித்தது. அவர் நேரே போய்த் தன்னை விற்றவர்கள்மீது வழக்குப் போட்டார். நேபாளத்தில் பாதிக்கப்பட்ட பெண் தானே முன்வந்து போட்ட முதல் கடத்தல் வழக்கு அதுதான். 1997-இல் மாவட்ட நீதிமன்றம் எட்டுப் பேருக்குத் தண்டனை கொடுத்தது. அவரும் மற்றப் பெண்களும் சேர்ந்து சக்தி சமூகா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கடத்தப்பட்டு மீண்ட பெண்களே நடத்தும் அமைப்பு. பதிவு செய்யப் போனால் குடியுரிமைச் சான்று கேட்டார்கள். சான்றுக்குப் போனால் அப்பா வர வேண்டும், இல்லையென்றால் கணவர் வர வேண்டும். விற்றதே வீட்டு ஆள் என்றால் அவள் யாரைக் கூட்டிக்கொண்டு போவாள்? இதையும் தாண்டி 2000-இல் பதிவு வாங்கினார்கள். 2013-இல் அந்த அமைப்புக்கு, ஆசியாவின் நோபல் என்று சொல்லப்படும் மகசேசே விருது கிடைத்தது.

சரி, அரசு என்ன செய்தது? 1986-இலேயே ஒரு சட்டம் இருந்தது. 2007-இல் வந்த மனிதக் கடத்தல் கட்டுப்பாட்டுச் சட்டம்தான் முக்கியமானது. ஒருவரை விற்றாலோ வாங்கினாலோ 20 ஆண்டு சிறை, 2 லட்சம் நேபாள ரூபாய் அபராதம். தண்டனைக் கணக்கு எல்லா நாட்டுச் சட்டத்திலும் இருக்கும். எனக்குப் பிடித்தவை அதிலுள்ள சின்னச் சின்னப் பிரிவுகள்.

பாதிக்கப்பட்ட பெண் புகார் கொடுத்தவுடன் போலீஸ் அவளை அருகிலுள்ள மாவட்ட நீதிமன்றத்துக்கு அழைத்துப் போய், வாக்குமூலத்தை நீதிபதி முன்னால் சான்றுறுதி செய்ய வேண்டும். அதன்பிறகு அவள் விசாரணைக்கு வராவிட்டாலும் அந்த வாக்குமூலம் செல்லும். இதை எழுதியவர்களுக்கு ஊர் நடப்பு தெரிந்திருக்கிறது. புகார் கொடுத்த மறுவாரமே பெரியப்பாவும் ஊர்த் தலைவரும் வந்து, குடும்ப மானம் போகுது, காசு வாங்கிட்டு முடிச்சுக்கோ என்று உட்கார்ந்துவிடுவார்கள். அவளை மிரட்டிப் பின்வாங்க வைத்தாலும் வழக்கு சாகாது. அடுத்தது, குற்றம் செய்யவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவன் தலையில். விற்கக் கொண்டுபோகிறார்கள் என்று தெரிந்து, உதவிக்கு யாருமில்லாமல், தப்பிக்கும்போது கடத்தியவனுக்கு அடிபட்டாலோ உயிரே போனாலோ அவளுக்குத் தண்டனை கிடையாது. அரசு வழக்கறிஞரோடு அவள் தனக்கென ஒரு வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ளலாம். அவள் சம்மதமில்லாமல் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். அபராதத் தொகையில் பாதிக்குக் குறையாமல் அவளுக்கு இழப்பீடாகத் தர வேண்டும்.

இந்த இழப்பீட்டு விஷயத்தில்தான் என் வயிறு எரிகிறது. நீதிமன்றம் தொகையை எழுதிவிடும், கட்ட வேண்டியவன் சிறையில் உட்கார்ந்துகொண்டு பணமில்லை என்பான். சொத்தெல்லாம் வேறு யார் பேரிலோ இருக்கும். தீர்ப்பு நகலை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்? தையல் மெஷின் வாங்க முடியுமா? அரசு முதலில் கொடுத்துவிட்டு அவனிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பதுதான் என் கருத்து. மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. அரசு கொஞ்சம் பணம் தருகிறது, நடத்துவதெல்லாம் தொண்டு நிறுவனங்கள்தான்.

2018-இல் போலீசில் இதற்கென்றே தனிப் புலனாய்வுப் பிரிவு அமைத்தார்கள். ஐ.நா.வின் மனிதக் கடத்தல் தடுப்பு நெறிமுறையில் 2020-இல்தான் சேர்ந்தார்கள், ரொம்பத் தாமதம். 2007 சட்டம் விபச்சாரத்துக்காக விற்பதை மனதில் வைத்து எழுதியது. வீட்டு வேலை என்று அழைத்துப் போய், சம்பளம் இல்லாமல் பூட்டி வைக்கிற கடத்தல் அதன் பிடியில் சரியாகச் சிக்குவதில்லை. காத்மாண்டுவின் நடன பார்களிலும், சின்னத் தடுப்பறைகள் கொண்ட கேபின் உணவகங்களிலும் நடப்பது இன்னொரு பெரிய கதை. அங்கே எல்லை தாண்ட வேண்டிய அவசியமே இல்லை.

இனி, என் மனது பாதியாக நிற்கும் இடத்துக்கு வருகிறேன். காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக் கதவைப் பூட்டுவது அந்த நாட்டுக்குப் பழகிவிட்டது. 1998-இல் குவைத்துக்கு வேலைக்குப் போன ஒரு நேபாளப் பெண் இறந்ததும், வளைகுடாவுக்குப் பெண்கள் போகத் தடை. 2012-இல் 30 வயதுக்குக் கீழே இருந்தால் தடை. 2017-இல் வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்கு யாருமே போகக் கூடாது என்றார்கள். தடை போட்டதால் வீட்டில் அரிசி வந்துவிடுமா? பெண்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். காத்மாண்டு விமான நிலையத்துக்குப் பதில் சுனௌலி வழியாக டெல்லி, அங்கிருந்து வளைகுடா. முறையான ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, தூதரகத்தில் பதிவும் இல்லை. தரகரைத் தவிர அவளுக்கு யாரையும் தெரியாது. தடையே அவளைக் கடத்தல்காரன் கையில் கொண்டுபோய்க் கொடுத்தது.

2021 பிப்ரவரியில், 40 வயதுக்கு உட்பட்ட பெண்கள் சுற்றுலா விசாவில் மேற்காசியாவுக்கோ ஆப்பிரிக்காவுக்கோ முதல்முறை போக வேண்டுமென்றால் குடும்பமும் வார்டு அலுவலகமும் சம்மதக் கடிதம் தர வேண்டும் என்று குடியேற்றத் துறை ஒரு யோசனையைக் கொண்டுவந்தது. காத்மாண்டு வீதிகளில் பெண்கள் கொதித்தெழுந்தார்கள். முப்பத்தொன்பது வயதுப் பெண் தம்பியிடம் கையெழுத்து வாங்க வேண்டுமா? தம்பியே தரகராக இருந்தால்?

சுனௌலியில் நான் பார்த்ததற்கும் இதற்கும் ஒரே வேர் இல்லையா என்று கேட்கலாம். அதையும் யோசித்தேன். எல்லையில் நிறுத்துவதைப் பற்றியும் அங்கே விமர்சனம் உண்டு. தன் விருப்பத்தோடு போகும் வயது வந்த பெண்ணை மறிக்க யாருக்கும் உரிமை இல்லை, நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பெண்மணி அவளிடம் கேட்டது கேள்வி. அனுமதிக் கடிதம் இல்லை. 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் சிந்துபால்சோக்கில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடில்லாத பிள்ளைகளைத் தேடித் தரகர்கள் கிளம்பியபோது, இப்படிச் சாலையில் நின்று கேள்வி கேட்டவர்களால் தப்பியவர்கள் நிறையப் பேர். எங்கே என்ன கேட்டால் பொய் வெளிவரும் என்பது, அதே பொய்யை நம்பி ஒருகாலத்தில் போனவருக்குத்தான் தெரியும்.

முக்திநாத்திலிருந்து ஒன்பது நாள் கழித்து அதே வழியாகத் திரும்பினோம். அதே பெண்மணி நின்றிருந்தார். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போனார், சித்தியும் பின்னாலேயே போனார். "அன்னிக்கு அழுதாளே, அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டாளா?" என்று அம்மா கேட்டதைச் சித்தி ஹிந்தியில் சொன்னார். அந்தப் பெண்மணி கை கூப்பினார். "அதை அவதான் சொல்லணும், அம்மா. நான் சொல்லக் கூடாது" என்றார். அம்மா தலையாட்டிவிட்டு, பையிலிருந்த பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து அவர் கையில் பாதியை வைத்துவிட்டு வந்தார்.