ஏரிக்கரைக்குக் கீழே ஊறும் நிலத்தில் தீவனப்புல்: மண் அடிப்பதற்கு முன் குழி தோண்டுங்கள்

கேள்வி: ஏரிக்கரையை ஒட்டி இரண்டு ஏக்கர் பட்டா நிலம் இருக்கிறது. ஐப்பசியில் தேங்கும் தண்ணீர் தை கடைசி வரை வடிவதில்லை. கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் மண்டிவிட்டன. ஆறு கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். மண் அடித்து மேடாக்கி, சூப்பர் நேப்பியர் என்ற உயரமான தீவனப்புல்லை நட்டு, மிச்சத்தைச் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்த பசுந்தீவனம்) போடலாம் என்கிறார் ஒருவர். இறங்கலாமா?

பதில்: புல் வளர்க்கலாம், சைலேஜும் போடலாம். அவர் சொல்லும் வழியில் வேண்டாம். இந்த யோசனையைச் சொன்னவரிடம் லாரி இருக்கிறதா, கரணை (நடுவதற்கான தண்டுத் துண்டு) விற்கிறாரா என்று விசாரித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். கரைப் பக்கம் ஒன்று, கடைக்கோடியில் ஒன்று என்று மூன்றடி ஆழத்தில் இரண்டு குழிகள் தோண்டி, ஓர் இரவு விட்டுப் பாருங்கள். கரைப் பக்கக் குழியில் மட்டும் தண்ணீர் ஏறியிருந்தால் அது ஏரிக் கசிவு. இரண்டிலும் ஒரே மட்டத்தில் நின்றால் வடிகால் அடைபட்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குழியின் சுவரையும் கவனியுங்கள். செம்பழுப்புக் கோடுகள் ஓடினால் அந்த ஆழம் வருஷத்தில் கொஞ்ச நாளாவது காய்கிறது. நீலச் சாம்பல் நிறத்தில், அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே காற்றே போகவில்லை. அந்த மண்ணில் நேப்பியர் வேர் நிற்காது.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேலே முழங்கால் சேறு, ஆனால் குழியில் ஓரடிக்குக் கீழே மண் வறண்டு கிடக்கிறது என்றால் அது கசிவும் இல்லை, அடைப்பும் இல்லை. வருஷக்கணக்கில் நெல்லுக்குச் சேற்றுழவு ஓட்டி ஓட்டி, உழவு ஆழத்துக்குக் கீழே மண் இறுகிப்போயிருக்கிறது. கம்பியைக் குத்தினால் முக்கால் அடியில் 'டக்' என்று நிற்கும், கொஞ்சம் அழுத்தி அந்த அடுக்கைத் தாண்டிவிட்டால் சுலபமாக இறங்கும். இப்படிப்பட்ட நிலத்துக்கு வாய்க்கால் வெட்டுவது வீண். கோடையில் மண் நன்றாகக் காய்ந்த பிறகு உளிக்கலப்பையைக் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினால் போதும். ஈரத்தில் ஓட்டக் கூடாது. ஈரமண்ணில் உளி கத்திபோல் கீறிக்கொண்டு போகும், இறுகிய அடுக்கு நொறுங்காது. ரொட்டவேட்டர்காரர் வந்து 'நானே முடித்துத் தருகிறேன்' என்பார். அந்த ஆழத்துக்கு அது இறங்காது. கோரைக் கிழங்கை வேறு துண்டாக்கி நிலம் முழுக்கப் பரப்பிவிடும். கோரை இன்னும் பெருகிவிடும்.

உங்கள் விவரத்தைப் பார்த்தால் கசிவு என்றே தோன்றுகிறது. அப்படியானால் தண்ணீரை நிலத்துக்குள் வரவிடாமல் மேற்பக்கத்திலேயே மறிக்க வேண்டும். கரைக்கும் வயலுக்கும் நடுவே மூன்றடி ஆழத்தில் வடிகால் ஒன்று வெட்டி, பக்கவாட்டில் இறக்கிக் கீழே வடிகால் வாய்க்காலில் சேருங்கள். கரையின் அடியிலேயே வெட்டிவிடாதீர்கள். கரை பலமிழந்து உடைந்தால் ஊரே உங்களைத்தான் பிடிக்கும். எவ்வளவு தள்ளி வெட்டலாம் என்று ஏரியைப் பராமரிக்கும் பொறியாளரிடம் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். கடைசியில் தண்ணீர் விழும் வாய்க்காலின் தரை உங்கள் வடிகாலின் தரையைவிடத் தாழ்ந்திருக்கிறதா என்று டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்) வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்மட்டத்தை நம்பி வெட்டி, தண்ணீர் திரும்பி வயலுக்கே வந்த கதை ஏராளம்.

மண் அடிப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டையும் (நில விவரப் பதிவு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) எடுத்து, நடுவே வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று பாருங்கள். அதை மூடிவிட்டால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் உங்கள் மேல் பாயலாம். லாரிக்காரர் மேல் பாயாது. 'செம்மண்' என்று கொண்டுவந்து கொட்டுவதில் இடித்த கட்டடக் கழிவும் கலந்திருக்கலாம். அதில் புல்லும் முளைக்காது, அறுக்கும் கத்தியும் மிஞ்சாது.

மண் பரிசோதனை செய்துவிடுங்கள். மண்வள அட்டையில் யூரியா எத்தனை கிலோ என்று துல்லியமாக வரும். நிலத்தில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்க ஒரு கட்டம் கிடையாது! கார அமில நிலை 8.5-ஐத் தாண்டினால் ஜிப்சம் தேவைப்படலாம். ஆனால் வடிகால் வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் போட வேண்டும். தேங்கிய நிலத்தில் ஜிப்சம் பிரித்தெடுக்கும் உப்பு வெளியேற வழியில்லாமல் அங்கேயே கிடக்கும்.

அடுத்து புல். தாழ்ந்த பாதியில் நீர்ப்புல் நடுங்கள். எருமைப்புல் என்றும் சொல்வார்கள். தண்டுத் துண்டுகளைச் சேற்றில் ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும், தண்ணீர் நின்றாலும் அழுகாது. முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 40, 45 நாளுக்கு ஒருமுறை. நேப்பியர் வேண்டுமென்றால் வரப்பிலும் மேட்டிலும் மட்டும் வையுங்கள். கோ-5 போன்ற வேளாண் பல்கலைக்கழக ரகத்தின் கரணை, நல்ல விளைச்சல் எடுக்கும் பக்கத்துத் தோட்டத்திலேயே கிடைக்கும். 'தண்ணீரிலும் வளரும் சூப்பர் நேப்பியர்' என்று கரணைக்கு இவ்வளவு என விற்பவரிடம், தண்ணீர் நிற்கும் தோட்டம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள்.

சைலேஜுக்கு நீர்ப்புல் தோதுப்படாது, ஈரமும் அதிகம், சர்க்கரைச் சத்தும் குறைவு. மேட்டுப் பாதி வடிந்ததும் மாசியில் தீவன மக்காச்சோளம் விதைத்து, மணி பால் தாண்டி இறுகும் நேரத்தில் அறுங்கள். இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் அரை நாள் வாடவிட வேண்டும். உருண்டை மெல்ல உதிர்ந்தால் பதம் சரி. அப்புறம் காற்றுப் போக மிதித்து, இறுக மூடி 45 நாள் விட்டுவிடுங்கள்.

சைலேஜுக்குக் குழி வெட்டினால்தான் மானியம் என்று யாராவது சொன்னால் அந்த மானியமே வேண்டாம். நிலத்தடி நீர் மேலே நிற்கும் இடத்தில் குழி ஊறி, உள்ளே இருப்பது எல்லாம் நாறிப்போகும். எல்லா ஊருக்கும் ஒரே வரைபடம் போட்டு அனுப்புகிறவர்கள் உங்கள் வயலை வந்து பார்க்கப் போவதில்லை. தரைக்கு மேலே தடித்த பிளாஸ்டிக் பையில் போடுங்கள்.

நீர்ப்புல்லில் ஒரு ஆபத்து இருக்கிறது. சேற்று நத்தை வழியாக வரும் ஈரல் தட்டைப்புழுவின் கூடுகள் நீர்மட்டத்தை ஒட்டிய தண்டில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். மாட்டை உள்ளே மேயவிடாதீர்கள். தண்ணீருக்கு மேலே ஒரு சாண் விட்டு அறுத்து வந்து போடுங்கள். தாடைக்குக் கீழே வீக்கம் கண்டால் உடனே சாணத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சோதியுங்கள். கடையில் கிடைக்கும் பூச்சி மருந்துகளில் பல இந்தப் புழுவைக் கொல்லாது.