தொகையா, திரட்டா?

கேள்வி: எங்கள் ஊர்ப் பெண்கள் பாடும் நடவுப் பாட்டுகளை நான்கு நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். புத்தகமாக்கும்போது 'நடவுத்தொகை' என்று பெயர் வைக்கலாமா? கூலிக் கணக்கு என்று நினைத்துவிடுவார்கள் என்கிறார் என் கணவர்.
– ஒரு வாசகி, வலங்கைமான்

பதில்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, அம்மா. இன்று தொகை என்றதும் பணம்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் 'தொகு' என்ற வினையிலிருந்து வந்த சொல் அது. சேர்த்தது எதுவும் தொகைதான். உங்கள் பக்கத்துத் திருவாரூரில் சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகையில், 11 பாட்டுகளில் அடியார்களின் பெயர்களைத்தான் சேர்த்து வைத்திருக்கிறார்.

ஒன்றை மட்டும் யோசியுங்கள். பழைய தொகைகள் வெறும் குவியல் அல்ல. குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12, அகநானூற்றுக்கு 13 முதல் 31 என்று அளவு பார்த்துச் சேர்த்திருக்கிறார்கள். அகநானூற்றுக்கு நெடுந்தொகை என்ற பெயர் வந்ததும் அதனால்தான். நீங்களும் நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு என்று பிரித்து, தேர்ந்தெடுத்து அடுக்கியிருந்தால் தாராளமாகத் 'தொகை' என்றே வையுங்கள். கிடைத்ததையெல்லாம் விடாமல் சேர்த்திருந்தால் 'திரட்டு' பொருத்தம். அங்கங்கே சிதறிக் கிடந்த பாட்டுகளைச் சேர்த்த நூலுக்குத் தனிப்பாடல் திரட்டு என்றுதானே பெயர்? மோர் கடையும்போது வெண்ணெய் திரளுமே, அந்தத் திரள்தான் இதுவும். எனக்கு இந்தச் சொல்தான் பிடிக்கிறது.

'கோவை' வேண்டாம், அது அகத்துறைகளை வரிசையாகக் கோத்துப் பாடும் தனி இலக்கிய வகை. 'தொகுதி' என்றால் தேர்தல் நினைவு வரும்.

அப்புறம், ஒவ்வொரு பாட்டின் கீழும் பாடியவர் பெயரையும் ஊரையும் போடுங்கள். என் பாட்டி திருவையாற்றுப் பக்கம் வயலில் பாடியதில் இரண்டு அடிகூட இன்று என்னிடம் இல்லை. அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். பெயர் தெரியாத பாட்டு இருந்தால், அதில் வரும் ஒரு சொல்லையே பெயராக்குங்கள். ஈரம் காய்வதற்குள் உழுதுவிடத் துடிக்கும் ஒற்றை ஏர் உழவனைப் பாடிய குறுந்தொகைப் புலவரை, அந்த உவமையைக் கொண்டே ஓரேருழவனார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.