நான் சேத்துக்க நிண்டது காணாதோ? பூநகரி அண்ணைக்கு ஒரு பதில்

போன கிழமை பூநகரியில இருந்து ஒரு அண்ணை மகளின்ர படிப்பு, வேலையைப்பற்றிக் கேக்க அவவையும் கூட்டிக்கொண்டு என்னட்டை வந்தவர். பிள்ளைக்கு யாழ்ப்பாணக் கம்பஸின்ர விவசாய பீடம் கிடைச்சிருக்கு, அதாவது இஞ்ச கிளிநொச்சி அறிவியல் நகர்லதான் படிப்பு. அண்ணை கதிரையில இருக்கமுதலே கேட்டுட்டார், "தங்கச்சி, நான் சேத்துக்க நிண்டது காணாதோ, நாலு வருசம் படிச்சுப்போட்டு இவளும் சேத்துக்கையோ நிக்கிறது?" வெளியில இன்னும் ஆறேழு பேர் காத்துக்கொண்டிருந்தவை, அவசரத்தில அரைகுறையாத்தான் சொல்லி அனுப்பினனான். இதே கேள்வியோட கன தாய் தகப்பன்மார் வாறபடியால் இப்ப ஆறுதலா எழுதுறன்.

அண்ணை, சேத்துக்க நிக்கத்தான் வேணும். அதை மறைச்சு உங்களுக்கு நான் ஆசை காட்டேல்ல. ஆனா விவசாய ஆராய்ச்சிப் பக்கம் போனால் நிக்கிற விதம் வேற. நீங்கள் விதைக்கிற பீஜீ 300 நெல் இருக்கெல்லோ, அந்த பீஜீ எண்டது பத்தலகொட, குருநாகல் பக்கம் இருக்கிற நெல் ஆராய்ச்சி நிலையம். முன்னூறு எண்டால் மூண்டு மாச நெல், 352, 360 எண்டால் மூண்டரை மாசம், நானூறில தொடங்கினால் நாலு மாசம். வயது உங்களுக்கு நல்லாத் தெரியும், நம்பருக்குள்ளயே அந்த வயது ஒளிச்சிருக்கு எண்டு அண்டைக்கு மகள் சொல்லேக்கதான் உங்களுக்குத் தெரியும், நீங்கள் சிரிச்சதை நான் பாத்தனான். அந்த நெல்லை ஆக்கினவையும் சேத்துக்க நிண்டவைதான், கையில கொப்பியும் பேனையும் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஆராய்ச்சி வேலை பத்தலகொடையோட முடியிறதும் இல்லை. பிலிப்பைன்ஸில லொஸ் பாஞோஸ் எண்ட இடத்தில 1960ல தொடங்கின சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, இரி எண்டு சொல்லுவினம். 1966ல ஐஆர் 8 எண்ட நெல்லை விட்டது அவைதான், இந்தோனேசியாவின்ர ஒரு நெல்லையும் தாய்வானின்ர ஒரு கட்டை நெல்லையும் சேத்து எடுத்தது, ஆசியாவில பஞ்சம் வரப்போகுது எண்டு எல்லாரும் பயந்துகொண்டிருந்த காலம் அது. கும்பகோணத்தில பிறந்த எம். எஸ். சுவாமிநாதன் 1982ல இருந்து 1988 வரைக்கும் அங்க தலைவரா இருந்தவர். அங்கத்தைய விதை வங்கியில ஒரு லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேல நெல் மாதிரிகள் கிடக்கு. எங்கட நாட்டின்ர பழைய நெல் ரத்து ஹீனட்டியில இருந்துதான் கபிலநிறத் தத்தி எண்ட நெல்லுப் பூச்சியைத் தாங்கிற குணத்தை எடுத்தவை. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில பட்டன்செருவில இக்ரிசாட் எண்ட ஆராய்ச்சி நிறுவனம், அது 1972ல வந்தது, இறுங்கு, கம்பு, கச்சான் மாதிரி மழையை நம்பின பயிருகளுக்கு. முல்லைத்தீவில கச்சான் போடுற ஆக்களின்ர பிள்ளையள் உந்தப் பேரை ஒருக்காத் தேடிப் பாக்கலாம். ஏன் தூரம் போவான், ஐவ்மி எண்ட சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின்ர தலைமையகம் கொழும்பிலதான். உதுகள் எல்லாம் 1971ல தொடங்கின சீஜீஐஏஆர் எண்ட சர்வதேச விவசாய ஆராய்ச்சிக் கூட்டமைப்பின்ர குடையின்ர கீழ வாறது.

அண்ணை, நீங்கள் இன்னொண்டும் சொன்னனீங்கள். 2008ல சண்டைக்க ஊரை விட்டு வெளிக்கிடேக்க வேற சாமானுகளை விட்டுட்டு மொட்டைக்கறுப்பன் விதைநெல் ரெண்டு மூடையை டிரக்டர் பெட்டியில ஏத்தினது, தருமபுரம், விசுவமடு எண்டு இழுத்துக்கொண்டு போய்க் கடைசியில அதைக் குத்திக் கஞ்சி காய்ச்சினது. அதைச் சொல்லேக்க மகள் நிலத்தைப் பாத்துக்கொண்டிருந்தவா. இதே மாதிரி ஒரு கதை சிரியாவிலயும் நடந்தது. அலெப்போ பக்கத்தில இக்கார்டா எண்ட ஆராய்ச்சி நிலையம் இருந்தது, கோதுமை, பார்லி, கடலை விதையள் சேத்து வச்சிருந்தவை. சண்டை வந்து அவைக்கு அங்க இருக்க ஏலாமல் போச்சு. ஆனா விதையின்ர ஒரு பங்கை நோர்வேயின்ர சுவால்பார்ட் தீவில பனிமலைக்குள்ள வைச்சிருந்தவை, 2015ல அதில கொஞ்சத்தைத் திருப்பி எடுத்து லெபனானிலயும் மொரோக்கோவிலயும் விதைச்சுப் பெருக்கினவை. விதைநெல்லைக் கஞ்சி காய்ச்சிக் குடிச்ச ஒரு ஆளுக்கு இது என்ன வேலை எண்டு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்கட நாட்டிலயும் கண்டிப் பக்கம் கன்னொறுவையில 1988ல இருந்து ஒரு விதை வங்கி இருக்கு.

சரி, இனிப் பிடிக்காததையும் சொல்லோணும். இந்த சர்வதேச ஆராய்ச்சி வேலை அரசாங்க உத்தியோகம் மாதிரி அறுபது வயது வரைக்கும் இருக்கிற கதிரை இல்லை. ரெண்டு வருசம், மூண்டு வருசம் எண்டு கொன்ட்ராக்ட், ப்ரொஜெக்ட் முடிய அடுத்தது தேடோணும். 2025ல அமெரிக்கா, வெளிநாடுகளுக்கு உதவிக் காசு குடுத்த தன்ர யூஎஸ்எய்ட் நிறுவனத்தை இழுத்து மூடினதோட இந்த ஆராய்ச்சிக்கு வந்துகொண்டிருந்த காசிலயும் கை வச்சுப்போட்டினம். பசி குறைஞ்சபடியால் காசு குறைஞ்சது எண்டும் இல்லை, ஐநாவின்ர கணக்கில 2024ல உலகத்தில 67 கோடி சனம் அரைப்பசியோட. அதால மகள் ஒரு கால் இஞ்சயும் வச்சுக்கொள்ளட்டும், பட்டம் முடியேக்க இலங்கை விவசாய சேவைப் பரீட்சை வந்தால் எடுக்கட்டும், மாகாண விவசாயத் திணைக்களமும் கெட்ட இடம் இல்லை. அதை நான் தோல்வி எண்டு சொல்லமாட்டன், சில பேர் சொல்லுவினம்.

மற்றது இங்கிலிஷ். என்ர கதையைக் கேளுங்கோ. நானும் விவசாயம் படிச்சவதான், கொழும்பில ஒரு ஆராய்ச்சி இடத்தில இன்டர்ன் வேலைக்கு இன்டர்வியூ வந்தது. மண்ணைப்பற்றிக் கேட்டதெல்லாம் எனக்குத் தெரியும், தமிழில கேட்டிருந்தால் ஒரு மணித்தியாலம் கதைச்சிருப்பன், அங்க "யெஸ் சேர், நோ சேர்" எண்டதோட தொண்டை அடைச்சுப்போச்சு. என்னை விடப் பாடத்தில குறைஞ்ச ஒரு பிள்ளைக்குத்தான் கிடைச்சது. கோவம் இருந்தது, இப்பவும் கொஞ்சம் இருக்கு. அதால சொல்லுறன், கம்பஸில லெக்சர் இங்கிலிஷில எண்டு பயந்து முதலாம் வருசமே மற்றவையின்ர நோட்ஸை வாங்கிப் பாடமாக்கத் தொடங்கினால் கதை முடிஞ்சுது. பிழை பிழையா எண்டாலும் கதைக்கட்டும். அதோட புள்ளிவிபரவியல், பிள்ளையள் சும்மா பாஸ் பண்ணினால் காணும் எண்டு விடுற பாடம், ஆராய்ச்சியில சோறு போடுறதே அதுதான். எக்செல்லில தொடங்கி ஆர் எண்ட புள்ளிவிபர சொஃப்ட்வெயர் வரைக்கும் போனால் நல்லது, அது இலவசம்.

நெல்லு மட்டும்தான் எண்டும் நினைக்கவேண்டாம். 2021 மே மாசம் அரசாங்கத்தின்ர ஒரு அறிவிப்போட ரசாயன உரம் நிண்டுது, நவம்பரில திருப்பி விட்டவை, அந்த இடைவெளியில உங்களுக்கு எத்தினை மூடை போச்சு எண்டு நான் சொல்லத் தேவையில்லை. அதில விதை பிழைக்கேல்ல, முடிவுதான் பிழைச்சது. மண், தண்ணி, சந்தை, கொள்கை எண்டு எல்லாத்துக்கும் ஆக்கள் வேணும், மகளுக்கு மூண்டாம் வருசமளவில எந்தப் பக்கம் மனம் போகுதெண்டு தெரியும்.

வெளிநாடு போனால் கலியாணம் என்னாகும் எண்டு உங்கட வீட்டு அக்கா ஃபோனில கேட்டவா. எம்எஸ்சி பேராதனையிலயே செய்யலாம் அக்கா, வெளியில போறதெண்டாலும் இப்பத்தையில இருந்து அஞ்சாறு வருசம் கிடக்கு. இண்டைக்கே தாலிக்கணக்குப் பாக்காதேங்கோ.

ஒண்டு கேக்கோணும் அண்ணை. மகள் ஒரு கொப்பி கொண்டுவந்தவா, ஒன்பதாம் வகுப்பில இருந்து உங்கட வயலைப்பற்றி எழுதினது. கடல் பக்கத்து மூலையில மண் வெள்ளையாப் பூக்கிறது, எந்த வருசம் மழை பிந்தினது, அந்த மூலையில பீஜீ கருகேக்க மொட்டைக்கறுப்பன் பிடிச்சு நிண்டது, எல்லாம் திகதியோட இருக்கு. உவரை, அதாவது மண்ணில இருக்கிற உப்பைத் தாங்கிற நெல்லுக்காக இரியில கேரளத்துப் பொக்காளி நெல்லை வச்சு எத்தினையோ வருசமா மினக்கெடுகினம், உங்கட பிள்ளை அதைப் பள்ளிக்கூட கொப்பியில தொடங்கியிருக்கிறா. நாலாம் வருச ஆராய்ச்சிக்கு அதுவே காணும். பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடாதேங்கோ. காலபோக விதைப்புக்கு முதல் நான் ஒருக்கா பூநகரிக்கு வாறன், அந்த மூலையைக் காட்டுங்கோ.