வரன் விசாரிக்க வருபவர்களிடம் உண்மையைப் போட்டு உடைக்கலாமா?

கேள்வி: நானும் நண்பரும் 11 வருடம் பார்ட்னர்ஷிப்பில் பிரிண்டிங் பிரஸ் நடத்தினோம். போன வருடம் வாடிக்கையாளர்களை இழுத்துக்கொண்டு தனியாகப் போய்விட்டார். எனக்கு வரவேண்டிய 8 லட்சமும் போச்சு. இப்போது அவர் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் என்னிடம் விசாரிக்க வருகிறார்கள். எட்டு மாதமாகத் தூக்கமில்லை, பிபி மாத்திரை போடுகிறேன். இந்தச் சம்பந்தத்தைக் கலைத்தால்தான் என் மனசு ஆறும். செய்யலாமா?

பதில்: வேண்டாம். எந்தத் தப்பும் செய்யாத அந்தப் பெண்ணுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. உங்களுக்காகவும்தான். மனசு ஆறும் என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஆறாது.

2008இல் கெவின் கார்ல்ஸ்மித் உள்ளிட்ட மூன்று அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சிலரைக் குழுவாக உட்காரவைத்து, பொதுவில் பணம் போட்டு ஆடும் ஓர் ஆட்டம். ஒருவர் "எல்லாரும் போடுவோம்" என்று மற்றவர்களைத் தூண்டிவிட்டு, தன் பணத்தை மட்டும் போடாமல் அமுக்கிக்கொண்டார். உங்கள் பார்ட்னர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஏமாந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அவரைத் தண்டிக்க வாய்ப்பு தரப்பட்டது. தண்டித்தால் நிம்மதி வரும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் பத்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, தண்டித்தவர்களின் மனநிலைதான் மோசமாக இருந்தது. வாய்ப்பே கிடைக்காதவர்கள் அந்த ஆளை விட்டு நகர்ந்துவிட்டார்கள். தண்டித்தவர்களோ அவரையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

உங்கள் ஆசை பொய் என்று நான் சொல்லவில்லை. ஏமாற்றியவரைத் தண்டிக்க முடிவெடுக்கும்போது, பரிசை எதிர்பார்க்கும் மூளைப்பகுதி வேலை செய்வதை 2004இல் சூரிச் ஆய்வாளர்கள் ஸ்கேனில் பார்த்தார்கள். அதனால்தான் ராத்திரி படுக்கையில் திட்டம் போடும்போது அவ்வளவு இனிக்கிறது. உடம்புக்கு அது இனிப்பதில்லை. 2001இல் அமெரிக்காவில் 71 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வில், தங்களைப் புண்படுத்தியவர் மீதான வன்மத்தை நினைத்த நேரங்களில் இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் கூடின. உங்கள் பிபிக்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் எட்டு மாதமாக ஒவ்வொரு ராத்திரியும் அந்த மனிதரை நீங்களே வீட்டுக்குள் கூட்டிவருகிறீர்கள்.

சரி, விசாரிக்க வருபவர்களிடம் என்ன சொல்வது? "எங்களுக்குள் தொழில் கணக்கு ஒன்று தீராமல் கிடக்கிறது. அதனால் என்னிடம் கேட்பது சரியாக இருக்காது. பெண்ணைப் பற்றிக் குறையாக எதுவும் எனக்குத் தெரியாது." பொய்யும் இல்லை, பழியும் இல்லை. அதற்கு மேல் கிளறினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அப்புறம் அந்த 8 லட்சம். அதை விடச் சொல்ல மாட்டேன். உரிமையைக் கேட்பது பழிவாங்குவது ஆகாது. கணக்குப் புத்தகம், வங்கி அறிக்கை, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பொதுவாக மூன்று வருடம்தான் காலவரம்பு. ஒரு வருடம் ஏற்கெனவே போய்விட்டது. கோர்ட்டு வேண்டாம் என்றால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்துச் சமரசம் பேசலாம்.

மன்னித்துத்தான் ஆகவேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. சாயங்காலம் இருபது நிமிடம் ஒதுக்கி, கோபத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி மூடிவையுங்கள். ராத்திரி திட்டம் ஓட ஆரம்பித்தால் படுக்கையை விட்டு எழுந்து, வேறு அறையில் ஏதாவது கைவேலை பாருங்கள். தூக்கம் வந்தபின் திரும்புங்கள். மூன்று வாரத்தில் தூக்கம் சரியாகாவிட்டால் மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416க்கு அழைத்தால், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் ஆலோசகர்கள் தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் கிடையாது. பிபி மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.