உடற்பயிற்சி அறிவியல் படிக்கப் போகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

உடற்பயிற்சி அறிவியலில் இளங்கலை படிக்க நினைப்பவர்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன். நான் இதே பட்டமும் மேற்படிப்பும் முடித்துவிட்டு இப்போது மாணவர்களுக்கு உடலியங்கியல் லேப் எடுக்கிறேன். மருத்துவர் கிடையாது. அதனால் முழங்கால் வலி பற்றி எழுதியவர்கள் கோபித்துக்கொள்ளாமல் நேரே மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா, எனக்கு ஜிம் என்றால் உயிர். பள்ளி முடிக்கப் போகிறேன். இந்தப் படிப்பு எனக்குச் சரிப்படுமா?

ஜிம் பிடிக்கும் என்பது மட்டும் போதாது, தம்பி. முதல் இரண்டு வருடம் பெரும்பாலும் வேதியியல், உயிரியல், உடற்கூறியல், உடலியங்கியல், இயற்பியல், புள்ளியியல் என்றே போகும். டம்பெல்லைத் தொடுவதற்குள் நரம்பு, தசை, சிறுநீரகம் எல்லாம் ஒரு சுற்று வந்துவிடும். "பயிற்சி செய்யச் சொல்வார்கள் என்று நினைத்தேன், பரீட்சை எழுதச் சொல்கிறார்கள்" என்று புலம்பும் மாணவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. வேகமாகப் படியேறி நின்ற பிறகும் சில நிமிடம் மூச்சு வாங்குகிறது. வேலைதான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குக் கூடுதல் ஆக்சிஜன்? தசை ஆராய்ச்சிக்காக 1922-ம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஏ. வி. ஹில் இதை 'ஆக்சிஜன் கடன்' என்றார். தசையில் சேர்ந்த லாக்டிக் அமிலத்தைச் சரிசெய்யத்தான் இந்த மூச்சு என்பது அவர் விளக்கம். பின்னால் வந்தவர்கள் அதில் பாதியை மாற்றி எழுதினார்கள். தசையின் உடனடி ஆற்றல் இருப்பான கிரியேட்டின் பாஸ்பேட் மறுபடி நிரம்ப வேண்டும், உடல் வெப்பம் இறங்க வேண்டும், அட்ரினலின் அடங்க வேண்டும், இதயமும் மூச்சுத் தசைகளும் இன்னும் கூடுதலாக உழைத்துக்கொண்டிருக்கின்றன. லாக்டேட் (லாக்டிக் அமிலம் உடலில் இருக்கும் வடிவம்) அதில் ஒரு பங்குதான். இதைப் படிக்கும்போது "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றினால் வாருங்கள். தோன்றவில்லை என்றால் பயிற்சியாளர் சான்றிதழ் ஒன்றே போதும். நாலு வருடம் செலவழிக்க வேண்டியதில்லை.

கேள்வி: உடற்கல்வி, விளையாட்டு அறிவியல், கினிசியாலஜி (உடல் அசைவு பற்றிய படிப்பு), உடற்பயிற்சி அறிவியல் என்று நாலு பெயரில் இருக்கிறதே. எதை எடுப்பது?

பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். உடற்கல்வி பெரும்பாலும் பள்ளி ஆசிரியர் வேலைக்கான பட்டம், அது மட்டும் தனி. மற்ற மூன்றும் ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரே பாடத்திட்டமாகவும், இன்னொன்றில் வெவ்வேறாகவும் இருக்கும். பாடப் பட்டியலை எடுத்து உடற்பயிற்சி உடலியங்கியல், பயோமெக்கானிக்ஸ் (உடல் அசைவில் வேலை செய்யும் விசைகளைப் பற்றிய பாடம்), பயிற்சி பரிந்துரை (யாருக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு என்று வகுப்பது) ஆகியவற்றுக்கு லேப் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்ய நினைக்கும் இடத்தில் பட்டத்துக்கு என்ன மதிப்பு என்பதையும் பாருங்கள். உதாரணமாக கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2013 முதல் கினிசியாலஜிஸ்ட் என்பது பதிவு செய்தவர்கள் மட்டுமே பயன்படுத்தக்கூடிய பட்டப்பெயர். வேறு பல இடங்களில் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பே இல்லை.

கேள்வி: கடைசியில் பிசியோதெரபிஸ்ட் ஆவதுதான் என் ஆசை. இந்தப் பட்டம் வழியாகப் போகலாமா?

எனக்கு அதிகம் வந்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் நாட்டில் பிசியோதெரபி எந்த நிலைப் படிப்பு என்று பாருங்கள். பல நாடுகளில் அதுவே நேரடி இளங்கலைப் பட்டம். அப்படி இருந்தால் யோசிக்காமல் அதிலேயே சேருங்கள், இந்தப் பட்டம் வழியாகச் சுற்றி வந்தால் வருடங்கள்தான் வீணாகும். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே அது இளங்கலைக்குப் பிறகு, பெரும்பாலும் மூன்று வருடம் படிக்கும் டாக்டர் பட்டம். அதனால் உடற்பயிற்சி அறிவியல் அங்கே வழக்கமான முதல் படி.

அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பட்டம் முடிப்பது வேறு, பிசியோதெரபி கல்லூரி கேட்கும் முன்தேவைப் பாடங்களை முடிப்பது வேறு. வழக்கமாக அவர்கள் லேப்புடன் கூடிய இயற்பியல் இரண்டு செமஸ்டர், வேதியியல் இரண்டு செமஸ்டர், உயிரியல், உடற்கூறியல், உடலியங்கியல், புள்ளியியல், உளவியல் கேட்பார்கள். உடற்பயிற்சி அறிவியல் துறை சில சமயம் "சுகாதாரத் துறையினருக்கான வேதியியல்" என்ற இலகுவான ஒற்றைப் பாடத்தோடு விட்டுவிடும். பட்டம் வாங்க அது போதும், விண்ணப்பிக்கும் இடத்தில் அதை ஏற்க மாட்டார்கள். மூன்றாம் வருடத்தில் இதைக் கண்டுபிடித்தால் ஒரு வருடம் போச்சு.

ஆகவே முதல் செமஸ்டரிலேயே நீங்கள் போக விரும்பும் நாலைந்து கல்லூரிகளின் முன்தேவைப் பட்டியலை எடுத்து அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். எது கடுமையானதோ அதற்கு ஏற்பப் பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். கிளினிக்கில் உட்கார்ந்து கவனித்த நேரத்தையும் பல இடங்களில் கேட்பார்கள், அதையும் இரண்டாம் வருடத்திலிருந்தே சேர்த்து வாருங்கள். மருத்துவம், தொழில்வழி சிகிச்சை எதற்குப் போவதாக இருந்தாலும் முறை இதேதான். அடுத்த படிப்பு என்ன கேட்கிறது என்று பார்த்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். துறை தரும் மாதிரி அட்டவணை பட்டம் வாங்குவதற்கானது. உங்கள் திட்டம் அதில் இருக்காது.

அமெரிக்காவில் அத்லெடிக் டிரெய்னர் (விளையாட்டு வீரர்களின் காயங்களைக் கவனிப்பவர்) ஆக நினைப்பவர்களுக்கு: அதற்கு இப்போது முதுகலை வேண்டும். உணவியல் நிபுணராகப் பதிவு செய்யவும் 2024 ஜனவரி முதல் அங்கே முதுகலை கட்டாயம். பழைய சீனியர்கள் "இளங்கலையே போதும்" என்று சொன்னால் அது அவர்கள் காலத்துக்கு உண்மை.

கேள்வி: கணக்கு எனக்கு வராது. தாக்குப்பிடிப்பேனா?

நுண்கணிதம் கேட்கும் துறைகள் குறைவு. இயற்கணிதமும் கொஞ்சம் திரிகோணமிதியும் போதும். பயோமெக்கானிக்ஸில் வரும் கணக்கு இப்படித்தான் இருக்கும்: முழங்கையை மடக்கி 5 கிலோ எடையைப் பிடித்திருக்கிறீர்கள். எடை மூட்டிலிருந்து 30 செ.மீ. தள்ளி இருக்கிறது, பைசெப்ஸ் தசையோ மூட்டிலிருந்து சுமார் 5 செ.மீ.யில் ஒட்டியிருக்கிறது. 5 × 30 ÷ 5. தசை இழுக்க வேண்டியது 30 கிலோவுக்குச் சமமான விசை, அதுவும் முன்கையின் எடையைச் சேர்க்காமல். இது புரிந்துவிட்டால் மீதியும் புரியும். உண்மையில் பலரைக் கவிழ்ப்பது புள்ளியியல்தான். அதை இரண்டாம் வருடத்துக்குள் முடித்துவிடுங்கள், ஆராய்ச்சி முறைகள் பாடம் அதன் மேல்தான் நிற்கிறது.

கேள்வி: பாடங்களை எந்த வரிசையில் எடுப்பது?

வேதியியல், உயிரியல், பிறகு உடற்கூறியலும் உடலியங்கியலும், பிறகு உடற்பயிற்சி உடலியங்கியல், அதன் பிறகு சோதனையும் பயிற்சி பரிந்துரையும், கடைசியில் இன்டர்ன்ஷிப். இந்தச் சங்கிலியில் ஒன்று தவறினால் பின்னால் உள்ள எல்லாமே தள்ளிப்போகும், ஏனென்றால் சில பாடங்கள் வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கும். விளையாட்டு உளவியல், இயக்கக் கற்றல் போன்றவற்றை எங்கே வேண்டுமானாலும் செருகலாம். உடற்கூறியல் லேப்பையும் கரிம வேதியியலையும் மட்டும் ஒரே செமஸ்டரில் எடுக்காதீர்கள். இரண்டும் மனப்பாட நேரத்தை விழுங்கும்.

கேள்வி: கல்லூரியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

கட்டடத்தைச் சுற்றிக் காட்டும்போது அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சர் கேமராக்களையும், கால் தரையை அழுத்தும் விசையை அளக்கும் ஃபோர்ஸ் பிளேட்டையும் காட்டுவார்கள். அசந்துவிடாதீர்கள். இளங்கலை மாணவர்கள் அதைத் தொடுகிறார்களா, தள்ளி நின்று பார்க்கிறார்களா என்று கேளுங்கள். ஒரு செமஸ்டரில் ஒரு மாணவர் எத்தனை பேருக்கு விஓ2 மேக்ஸ் (உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் என்ற அளவு) சோதனை நடத்துவார்? இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் ஈசிஜி லீடுகளைத் தானே ஒட்டுவாரா?

இதை எல்லாம்விட எனக்கு முக்கியமானது ரத்த அழுத்தம். இதயச் சோதனைக்கான புரூஸ் நெறிமுறைப்படி டிரெட்மில் 10 சதவீதச் சரிவில் மணிக்கு 2.7 கி.மீ. வேகத்தில் தொடங்கும், மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை வேகமும் சரிவும் ஏறும். அந்தச் சத்தத்துக்கு நடுவே, கை ஆடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு ஸ்டெதஸ்கோப்பை வைத்து அழுத்தத்தைச் சரியாகக் கேட்டுச் சொல்வது சாதாரண வேலை இல்லை. நன்றாகத் தேய்ந்துபோன ஸ்டெதஸ்கோப்புகள் நிறைய இருக்கும் லேப்பைப் பார்த்தால் நான் அங்கேயே சேர்ந்துவிடுவேன்.

கேள்வி: முழுக்க ஆன்லைனில் படிக்கலாமா?

கோட்பாட்டுப் பாடங்களைப் படிக்கலாம். லேப்பும் செய்முறைப் பயிற்சியும் நேரில் இல்லாத பட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். லேப்பை ஆன்லைனில் செய்தால் ஏற்காத மேற்படிப்புக் கல்லூரிகளும் உண்டு.

கேள்வி: சார், என் மகள் தடகள வீராங்கனை. பயிற்சியையும் இந்தப் படிப்பையும் சேர்த்துச் சமாளிப்பாளா அம்மா என்ற முறையில் கவலையாக இருக்கிறது.

சமாளிக்கலாம் அம்மா, ஆனால் லேப் நேரம் மதியத்தில்தான் வரும், அணியின் பயிற்சியும் அப்போதுதான். போட்டிப் பருவத்தில் பாடங்களைக் குறைத்து, மற்ற செமஸ்டரில் கூட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசி இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் முழுநேரம், அந்தச் செமஸ்டரில் போட்டி வைத்துக்கொள்ள முடியாது. ஒரு செமஸ்டர் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை என்று இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள், பாதிப் பதற்றம் குறையும்.

கேள்வி: பட்டத்தோடு சான்றிதழும் வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டும். விளையாட்டு அணிகளில் வலிமைப் பயிற்சியாளராக என்எஸ்சிஏ என்ற அமெரிக்க வலிமைப் பயிற்சி அமைப்பின் சிஎஸ்சிஎஸ் சான்றிதழ் பரவலாகக் கேட்கப்படுகிறது. அதற்கு ஏற்கெனவே இளங்கலை தேவை. 2030 முதல் அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் வாங்கிய பட்டமாக இருக்க வேண்டும் என்றும் அறிவித்திருக்கிறார்கள். இப்போது சேர்கிறவர்கள் படிப்பை முடிக்கும் காலம் அது, ஆகவே சேரும் முன்பே கல்லூரியிடம் கேளுங்கள். மருத்துவமனைப் பக்கம் போகிறவர்களுக்கு ஏசிஎஸ்எம் (அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற அமைப்பு) தரும் சான்றிதழ்கள் பொருந்தும். ஆஸ்திரேலியாவில் அங்கீகாரம் பெற்ற உடற்பயிற்சி உடலியங்கியலாளர் ஆக 500 மணி நேரச் செய்முறைப் பயிற்சி வேண்டும். படிக்கும்போதே ஒரு பயிற்சியாளர் சான்றிதழும் சிபிஆர் (இதயம் நின்றவருக்குச் செய்யும் முதலுதவி) பயிற்சியும் முடித்துவிட்டால் கைச்செலவுக்கு வேலையும் கிடைக்கும்.

கேள்வி: இன்டர்ன்ஷிப்புக்குப் பெரிய விளையாட்டு அணிதான் வேண்டும் என்று இருக்கிறேன். சரிதானே?

எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், இடமோ கொஞ்சம். நான் என் மாணவர்களை முடிந்தவரை இதய மறுவாழ்வு மையத்துக்கு ஒரு முறையாவது அனுப்புகிறேன். வகுப்பில் 220-லிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத் துடிப்பு என்று கற்றிருப்பார்கள். அந்தச் சூத்திரம் ஆரோக்கியமான ஆளுக்கே பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்பின் போகும். மறுவாழ்வு மையத்தில் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு எவ்வளவு நடந்தாலும் துடிப்பு எதிர்பார்த்த அளவு ஏறாது. அப்போது சூத்திரத்தை மூடி வைத்துவிட்டு, குன்னார் போர்க் என்ற ஸ்வீடன் உளவியலாளர் வகுத்த, உணரும் சிரமத்துக்கான 6 முதல் 20 வரையிலான அளவுகோலைக் காட்டி "எவ்வளவு சிரமமாக இருக்கிறது?" என்று கேட்க வேண்டியிருக்கும். நோயாளியின் முகத்தையும் பேச்சையும் கவனிக்கக் கற்றுக்கொண்ட மாணவர் பிறகு எந்த அணிக்குப் போனாலும் நன்றாகத்தான் செய்வார்.

கேள்வி: வெளிப்படையாகச் சொல்லுங்கள், வேலை கிடைக்குமா?

பட்டம் மட்டும் கையில் இருந்தால் பெரும்பாலும் ஜிம் பயிற்சியாளர், நிறுவனங்களின் உடல்நலத் திட்டங்கள், மருத்துவமனை உதவியாளர் இப்படித்தான். சம்பளம் சுமார். உரிமம் தரும் மேற்படிப்போ, மதிப்புள்ள சான்றிதழோ, தரவு அலசும் திறமையோ சேர்ந்தால் நிலைமை மாறும். இதைச் சேர்க்கைக்கூட்டத்தில் யாரும் சொல்வதில்லை என்பதால் நான் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். எப்போது தொடங்குவது?

இரண்டாம் வருடம். முதலில் ஒரு சோதனையில் பங்கேற்பாளராகப் போங்கள். முழு வேகத்தில் மிதிக்க வேண்டிய 30 விநாடி விங்கேட் சைக்கிள் சோதனையை ஒரு முறை அனுபவித்துவிட்டால் காற்றில்லா ஆற்றல் (ஆக்சிஜன் இல்லாமல் தசை உண்டாக்கும் ஆற்றல்) பற்றிய பாடம் மறக்காது. பிறகு பேராசிரியரிடம் போய் லேப்பில் உதவி செய்யக் கேளுங்கள்.

கேள்வி: கல்லூரி தொடங்கச் சில வாரம் இருக்கிறது. எதையாவது முன்கூட்டியே படிக்கலாமா?

எலும்புகளின் பெயர்கள். மொத்தம் 206, அத்தனையும் வேண்டாம், கை கால் முதுகெலும்பு போதும். அப்புறம் ஒரு நாளைக்கு இரண்டு தசை: எங்கே தொடங்குகிறது, எங்கே ஒட்டுகிறது, சுருங்கினால் எந்த மூட்டு எப்படி அசைகிறது. படத்தை மட்டும் பார்க்காமல் உங்கள் கையையே தொட்டுப் பார்த்துப் படியுங்கள். தோளிலிருந்து தொடங்கலாம், தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் ரொட்டேட்டர் கஃப்பின் நாலு தசைகளும் முதல் பரீட்சையில் வர நிறைய வாய்ப்பு இருக்கிறது.